தகடூர் நெல்லியும் தைக் கரும்பும்: பனிக்கால அற்புதக் கதைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கிய நாள் முதல் தைப் பொங்கல் கழியும் வரையுள்ள பருவத்தைச் சார்ந்து, வாளும் போரும் கடல் கடந்த சாகசமும் இன்றி, ஒரு பண்டத்தையோ வீடு தேடி வந்த ஒரு விருந்தினரையோ சுற்றி நிகழும் சிறு அற்புதக் கதைகள் தமிழில் பல வழங்கி வருகின்றன. அவற்றுட் சிலவற்றைப் புராணம் என்றும், சிலவற்றைப் பாட்டிமார் கதை என்றும், சிலவற்றைச் சங்கச் செய்யுளின் கருத்து என்றும் தனித்தனியே பிரித்து வைத்துவிட்டபடியால், அவை அனைத்தும் ஓரினத்தைச் சேர்ந்தவை என்னும் உண்மை போதிய கவனம் பெறவில்லை என்பது என் அபிப்பிராயம். அவ்வினத்தின் பழைய ஊற்றுக்களில் ஒன்று தகடூர், அதாவது இன்றைய தருமபுரி என்பதையும், அக்கதைகள் அழியாது நின்றதற்குக் காரணம் யாது என்பதையும் இங்கே ஆராய விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் இத்தகைய கதைகளுக்குச் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ஆம் வருஷம் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதை பிரசித்தமான உதாரணம். ஈயாத கிழவன் ஒருவனிடம் ஆவிகள் இரவில் வந்து அவனுடைய வாழ்வைக் காட்டுகின்றன. அஞ்சித் திருந்திய அவன், விடிந்ததும் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டுக்கு விருந்துப் பறவையை அனுப்புகிறான். அங்கே அற்புதம் முந்துகிறது, ஈகை பிந்துகிறது. தமிழ்க் கதைகளில் இம்முறை தலைகீழாக இருப்பதைக் காணலாம்: முதலில் ஈகை, உண்டு முடிந்த பிறகே அற்புதம் வெளிப்படும்.

இதற்குத் தலைமையான சான்று ஔவையார் தகடூர் மன்னன் அதியமான் நெடுமானஞ்சியைப் பாடிய புறநானூற்று 91-ஆம் பாட்டு. பெரிய மலையின் பிளப்பிலே, ஏறுதற்கரிய உச்சியிலே, சிறிய இலையையுடைய நெல்லி மரம் பழுத்த இனிய கனியை, அதைப் பெறுவதிலுள்ள அருமையையும் கருதாமல், அதனால் விளையும் பயனையும் சொல்லாமல், சாவு தம்மை விட்டு நீங்கும்படி அவன் தமக்குக் கொடுத்துவிட்டான் என்று கூறி, நஞ்சுண்டும் நிலைத்திருக்கும் நீலகண்டனைப் போல நீ நிலைபெறுவாயாக என்று அவர் வாழ்த்துகிறார். பயனைச் சொல்லியிருந்தால் ஔவையார் அக்கனியை அவனுக்கே திருப்பிக் கொடுத்திருப்பார் என்பது படிப்போர் அனைவரும் உணரக்கூடியது. அதனாலேயே அவன் அதைத் தன் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டான். கனி வாயுள் சென்று கரைந்த பின்னரே அது சாதாரணக் கனி அன்று என்பது தெரிகிறது. சில அடிகளே கொண்ட ஒரு செய்யுளுக்குள் இவ்வளவு நுட்பமான கதைக்கட்டு அமைந்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் வியக்காமலிருக்க முடிவதில்லை.

இக்கனியைப் பனிக்காலத்தோடு எவ்வாறு சம்பந்தப்படுத்துவது என்று கேட்பது நியாயமே. 91-ஆம் பாட்டில் பருவம் சொல்லப்படவில்லை. ஆயினும் காட்டு நெல்லி மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் பழுப்பது. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையோடு நெல்லிக்கனியையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அதன் பருவத்தோடு இசைந்தது. இதைவிட வலிய சான்று, அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய 392-ஆம் பாட்டில் இருக்கிறது. ஒளி மங்கிய நிலவு வானத்தில் நிற்க, பனி பெய்துகொண்டிருக்கும் விடியற்காலையில், இரவலன் ஒருவன் எழினியின் நெடிய வாயிலில் நின்று கிணைப்பறையைக் கொட்டுகிறான். அவன் உடுத்திருந்ததோ பாசி வேர்போல் அழுக்கேறிக் கிழிந்த கந்தை. எழினி அதைக் களைந்து, நேரிய கரையையுடைய நுண்ணிய நூலாடையை உடுத்தி, நாட்பட்ட தேறலைப் பொற்கலத்தில் வார்த்து, உணவும் அளிக்கிறான். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பாட்டு முடியுமிடத்தில், இவன் யார் தெரியுமா, வானுலகத்து அமிழ்தம் போன்ற கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து தந்தவனுடைய வழித்தோன்றல் என்கிறார் ஔவையார். பனிபடு விடியல், புத்தாடை, விருந்து, அமிழ்தத்துக்கு நிகரான கரும்பு ஆகிய இந்நான்கும் ஒரே பாட்டில் கூடியிருப்பதைப் பார்க்கும்போது, பொங்கலின் பெயர் இல்லாவிடினும் பொங்கற் காலைக்குரிய பொருள்கள் பலவும் அங்கே இருக்கின்றன என்று சொல்வது மிகையாகாது. அதியரின் முன்னோர் தேவர்களைப் பேணிக் கரும்பை இங்கே தந்தனர் என்னும் அதே ஐதிகம் 99-ஆம் பாட்டிலும் வருகிறது. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டிருக்கும் இத்தருமபுரி மாவட்டத்தில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னே சந்தையில் கட்டுக் கட்டாகச் சார்த்தி வைக்கப்படும் கரும்பைக் காண்பவர்கள் இந்த விருத்தாந்தத்தை அறிந்திருப்பது நல்லது.

அடுத்து மார்கழித் திருவாதிரைக்குரிய சேந்தனார் கதை. விறகு வெட்டி விற்று, நாள்தோறும் ஓர் அடியாருக்கு அமுது படைத்த பின்பே தாம் உண்ணும் நியமமுடைய அவருக்கு, ஒரு நாள் மழையில் விறகு நனைந்து விலைபோகவில்லை. வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டினார்கள். அந்த அகாலத்தில் முதியவர் ஒருவர் வந்து விரும்பி உண்டார். மறுநாட் காலையில் தில்லைக் கருவறையைத் திறந்தவர்கள் அங்கே களி சிந்திக் கிடக்கக் கண்டார்கள். விருந்தினர் இன்னார் என்பது உண்ட பிறகே தெரிகிறது. தகடூர் நெல்லிக்கும் தில்லைக் களிக்கும் உள்ள இவ்வொற்றுமை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

கோயில்களிலும் வீடுகளிலும் செய்யும் திருவாதிரைக் களி அரிசியும் வெல்லமும் சேர்ந்த இனிப்பு. ஆனால் அக்கதையைக் கேழ்வரகுக் களியாகச் சொல்வாரும் உண்டு; தருமபுரிப் பக்கத்தார்க்கு அதுவே பொருத்தமாகப் படும். ஏனெனில் இங்கே களி என்றால் கேழ்வரகுக் களியே. நொய் வெந்து கொதிக்கும் உலையில் மாவைக் குவித்துக் கொட்டி, அது உள்ளே வேகும் வரை பொறுத்திருந்து, பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைப்பார்கள். உருண்டையின் நடுவே குழித்து, பனியில் மணமேறிய மொச்சையைப் பிதுக்கி வைத்த குழம்பை ஊற்றுவார்கள். இறைவன் உண்ட உணவும் தாம் அன்றாடம் உண்ணும் உணவும் ஒன்றென்று கேட்கும் குழந்தைக்கு, அந்த அற்புதம் தன் வீட்டு அடுப்பிலேயே நிகழக்கூடியதாகிவிடுகிறது. இவ்வினக் கதைகளின் இதமெல்லாம் இந்த அண்மையில்தான் இருக்கிறது.

மதுரையில் மகர சங்கராந்தியன்று கல்யானை சித்தர் பார்த்த அளவில் உயிர்பெற்றுக் கரும்பு தின்றதாகத் திருவிளையாடற் புராணம் கூறுவதும், நாள்தோறும் எண்ணெய் முழுக்கு, மாதம் ஒருமுறை உணவு என்று சிவபெருமான் சொல்லியனுப்பியதை நந்தி மாற்றிச் சொன்னமையால் உழவுக்குத் துணையாகப் பூமிக்கு வந்ததாக மாட்டுப் பொங்கலன்று வழங்கும் கதையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. விரிக்கின் பெருகும்.

இவை பக்திக் கதைகளும் புகழ்ப்பாட்டுக்களும் அல்லவா, இவற்றைக் கற்பனைக் கதை இலக்கியமாகக் கொள்வது எங்ஙனம் என்று ஆட்சேபிக்கலாம். நம்பிக்கையோடு சொல்லப்படுவதால் ஒரு கதை கதையாகாமல் போய்விடாது. அன்றியும், எது நின்றது, எது அழிந்தது என்று பார்த்தால் இவற்றின் தன்மை நன்கு விளங்கும். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்த போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் நூல் சிதைந்துபோய், புறத்திரட்டு முதலியவற்றில் சில செய்யுட்களே எஞ்சின. மேற்சொன்ன 392-ஆம் பாட்டிலேயே, பகைவர் அரணை அழித்து, அந்நிலத்தைக் கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்த கொடிய செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லித் தருகிற பாட்டி எவரும் இல்லை. நெல்லிக்கனியையோ எழுத்தறியாதவரும் அறிவர். ஜம்பையில் 1981-இல் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அதியமான் நெடுமானஞ்சியைக் குகை ஈந்தவனாகவே காட்டுகிறது. வீரத்தில் அவன் எவர்க்கும் குறைந்தவன் அல்லன். ஆனால் கோட்டை வீழ்ந்தது ஒரே முறை, நெல்லியோ ஆண்டுதோறும் காய்க்கிறது. பண்டம் பருவந்தவறாமல் வரும்போதெல்லாம் கதையையும் உடன் அழைத்து வருகிறது. ஏடும் உரையும் செய்யத் தவறிய காவலைப் பண்டிகை செய்திருக்கிறது.

இக்காலச் சிறுகதையில் இம்மரபு முற்றும் அற்றுப்போகவில்லை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் கதையில், சென்னைப் பட்டணத்துக்கு வந்த கடவுள் காப்பி அருந்தி, ஓர் எளிய குடும்பத்தில் விருந்தினராகத் தங்குகிறார். சேந்தனார் வீட்டுக்கு வந்த முதியவரின் வழியிலேயே அவரும் வந்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஆயினும் அங்கே மார்கழியும் இல்லை, களியும் இல்லை. பண்டிகையை விட்டுப் பிரிந்த விருந்தினர் பட்டணத்தில் நிலைத்திருக்க இயலாமற் போவதை அக்கதையே காட்டுகிறது.

ஆகையால், பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டங்களிலும் சித்தேரி, வத்தல்மலை முதலிய மலையூர்களிலும் கதை சேகரிக்கப் புகும் மாணவர்கள், கதையின் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடலாகாது. எந்த மாதத்தில் சொல்லப்படுகிறது, அன்று அடுப்பில் என்ன வேகிறது, காப்புக் கட்டும் நாளில் கூரையில் செருகும் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் என்ன, கதை முடிந்ததும் கேட்டவர்களுக்கு உண்ண என்ன கொடுக்கிறார்கள் என்பவற்றையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் அந்தக் கதையைத் தம் தாயிடம் கேட்டாரா, மாமியாரிடம் கேட்டாரா என்று விசாரித்து எழுதினால், மணவழியாக எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கதை சென்றது என்பதும் விளங்கும்.