விரை முறுக்கம்: அறிகுறிகளை மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு

விரையைத் தாங்கி நிற்கும் விந்து வடம் முறுக்கிக்கொள்வதே விரை முறுக்கம். விரைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும், அங்கிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் சிரைகளும் இந்த வடத்துக்குள்தான் ஓடுகின்றன. வடம் முறுகும்போது முதலில் சிரைகள் அடைபட்டு விரை வீங்கும். தமனியும் அடைபட்டால் விரை அழியத் தொடங்கும். எந்த வயதிலும் வரக்கூடும் என்றாலும், பருவமடையும் சிறுவர்களிடமே இது மிகுதி. இதைப் பிற நோய்களிலிருந்து பிரித்தறிய மருத்துவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது.

1840இல் பிரெஞ்சு மருத்துவர் டெலாசியோவ் எழுதிய குறிப்பே இந்த நோயைப் பற்றிய முதல் விவரமாகக் கருதப்படுகிறது. அவர் கண்டது விரைப்பைக்குள் இறங்காமல் தங்கிவிட்ட ஒரு விரை. அது முறுகியபோது, சிக்கிக்கொண்ட குடலிறக்கம் என்றே எண்ணப்பட்டது. இரண்டிலும் தொடையிடுக்கில் கட்டி, திடீர் வலி, வாந்தி ஆகியவை இருப்பதால் அந்தக் குழப்பம் இயல்பானதே. 1893இல் இங்கிலாந்தின் கிஃபோர்ட் நாஷ், முறுகிய விரையைக் கையாலேயே திருப்பி விட்டதையும், வலி உடனே தணிந்ததையும் பதிவு செய்தார். 1897இல் டெய்லர், பிறந்த குழந்தைக்கும் இது வரும் என்று காட்டினார். பச்சிளங்குழந்தை வலியைச் சொல்ல முடியாது. கெட்டியாகி நிறம் மாறிய விரைப்பையே அங்கு அடையாளம்.

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் குழாயில் தொற்று ஏற்பட்டாலும் விரைப்பை வீங்கிச் சிவந்து வலிக்கும். விரையின் மேல்முனையில் உள்ள சிறு ஒட்டுறுப்பு தனியாக முறுகினாலும் அப்படியே என்று 1922இல் கோல்ட் விவரித்தார். ஒரே தோற்றத்துக்குப் பல காரணங்கள் இருந்ததால், பிரித்துச் சொல்லும் ஓர் அடையாளத்தை மருத்துவர்கள் தேடினர். 1934இல் பிரென் ஒரு சோதனையை முன்வைத்தார்: விரைப்பையைத் தூக்கிப் பிடித்தால் வலி குறைவது தொற்றின் அடையாளம், குறையாவிட்டால் முறுக்கம். பாடநூல்களில் இது நிலைத்துவிட்டது. ஆனால் இதை மட்டும் நம்பி முறுக்கம் இல்லை என்று சொல்ல முடியாது என்பதைப் பிந்தைய அனுபவம் காட்டியது.

தவறான நோயறிதலின் விலை என்ன என்பதை 1955இல் ஸ்மித் நாய்களிடம் செய்த ஆய்வு தெளிவாக்கியது. இரத்தம் நின்று ஆறு மணி நேரம் ஆனால் விந்தணுவை உருவாக்கும் செல்கள் பெரும் அழிவைச் சந்திக்கின்றன. இன்றும் அறுவை மருத்துவர்கள் மனத்தில் கொள்ளும் ஆறு மணி நேர எல்லைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. 1963இல் ஏஞ்சல், நோயைத் தக்க நேரத்தில் கண்டறியுமாறு லான்செட் இதழில் வேண்டுகோள் விடுத்தார். நோயாளி நிற்கும்போது வலியில்லாத மறுபக்க விரையும் கிடைமட்டமாகக் கிடப்பதை அவர் சுட்டினார். சிலருக்கு விரை பின்புறம் சரியாக ஒட்டாமல், மணியின் நாக்கைப் போலத் தொங்கும். முறுகுவதற்கு அந்த அமைப்பே வழிவிடுகிறது. அது பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும் என்பதால், அறுவையின்போது மறுபக்க விரையையும் தைத்து நிலைநிறுத்துவது வழக்கமாயிற்று.

1970களில் கதிரியக்க ஐசோடோப்பு ஸ்கேனும், இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் டாப்ளர் கருவியும் வந்தன. 1984இல் ரபினோவிட்ஸ், தொடையின் உட்புறத்தைத் தடவினால் விரை மேலேறும் அனிச்சைச் செயல் முறுக்கத்தில் இல்லாமல்போவதை 245 சிறுவர்களிடம் ஆராய்ந்து வெளியிட்டார். அது மிக உதவியான அடையாளம் என்றாலும், அந்த அனிச்சைச் செயல் இருந்தும் முறுக்கம் காணப்பட்டவர்கள் பின்னர் பதிவாயினர். வண்ண டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பரவிய பிறகு இரத்த ஓட்டத்தைத் திரையில் காண முடிந்தது. எனினும் முறுக்கம் முழுமையாக இல்லாதபோது ஓட்டம் தென்படக்கூடும்.

தனி அடையாளம் ஒவ்வொன்றும் சறுக்கியதால், அவற்றைச் சேர்த்து எடைபோடும் முறை 2013இல் வெளியானது. வீக்கத்துக்கு 2, கெட்டித்தன்மைக்கு 2, அனிச்சைச் செயல் இன்மை, குமட்டல் அல்லது வாந்தி, விரை மேலேறி நிற்றல் ஆகியவற்றுக்கு தலா 1 என மொத்தம் 7 மதிப்பெண். மதிப்பெண் கூடக் கூட ஸ்கேனுக்குக் காத்திராமல் அறுவைக்குச் செல்லும் நியாயம் வலுக்கிறது.

இத்தனை சோதனைகளுக்குப் பின்னும் முதல் அடையாளம் மாறவில்லை: ஒரு பக்க விரையில் திடீரென எழும் கடும் வலி. சில வேளைகளில் தூக்கத்திலேயே தொடங்கும். சிலருக்கு முன்பே வந்து தானே தணிந்திருக்கும். வெட்கத்தால் சிறுவன் அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்வதும் உண்டு. ஆகவே வயிற்றுவலியுடன் வரும் சிறுவனின் விரைப்பையையும் பார்ப்பது மருத்துவரின் கடமை. வலி தானே தணியும் என்று காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது வீட்டாரின் கடமை. கையால் திருப்பி வலி நீங்கினாலும் அறுவை தேவை; இல்லையெனில் மீண்டும் முறுகக்கூடும்.