மகாவீரர் நினைவு நாணயங்கள்

விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். அச்சமயத்தின் 24ஆம் தீர்த்தங்கரரான மகாவீரரின் 2600ஆவது பிறப்பாண்டை ஒட்டி, 2001இல் இந்திய அரசு இரு நாணயங்களை வெளியிட்டது.

முதலாவது 5 ரூபாய் நாணயம். செம்பு, நிக்கல் கலந்தது, கடைத்தெருவிலும் புழங்கியது. மற்றது 100 ரூபாய் நாணயம். பாதி வெள்ளியான இதன் எடை 35 கிராம், விட்டம் 44 மி.மீ. இது புழக்கத்துக்கு வரவில்லை. சேகரிப்போருக்காகவே பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. வெள்ளி, வேலைப்பாடு, பெட்டி எல்லாம் விலையில் சேர்வதால், இத்தகைய 100 ரூபாய் நாணயத்தை 100 ரூபாய்க்கு வாங்க இயலாது.

இவற்றில் 'புரூஃப்' வகை தனித்தன்மை கொண்டது. மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய வில்லையில் ஒருமுறைக்கு மேல் அடிக்கப்படுவதால் அதன் தளம் கண்ணாடிபோல் மின்னும்; உருவம் மங்கல் வெண்மையாக நிற்கும். சாதாரண அச்சில் அடித்த, புழங்காத நாணயத்துக்கு இந்த வேறுபாடு இராது. புரூஃப் நாணயத்தின் மதிப்பு அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. விரல்ரேகை பட்டாலே குறையும். புளி போட்டுத் துலக்கினால் சேகரிப்பாளரிடம் வெள்ளி விலைதான் மிஞ்சும்.

புழங்கிய 5 ரூபாய் லட்சங்களுக்குப் போகும் என்னும் காணொளிகளை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தோர் உண்டு. பழைய நாணய விற்பனையின் பெயரால் கட்டணம் கேட்போரைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

மகாவீரரின் 2550ஆவது நிர்வாண ஆண்டுக்கான நினைவு நாணயம் 2024 ஏப்ரல் 21 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்டது.