எல்லை தாண்டாத அம்மன் காசு

புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் அம்மன் காசு ஒரு பொடிச் செம்புத் துண்டு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’. அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320. வெள்ளைக்காரன் தம்பிடியே அணாவுக்கு 12தான். இது அதற்கும் கீழே.

ஆரம்பத்தில் கையால் அடித்தார்கள். 1889 முதல் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. இங்கிலாந்துத் தொழிற்சாலையில் பிறந்த அம்மன், கப்பலேறி வந்து, ரயில் எட்டாத புதுக்கோட்டைக்கு வண்டிப்பாதையில்தான் சேர்ந்திருக்க வேண்டும். நவராத்திரியில் அரண்மனை வழங்கும் அரிசியோடு ஏழைகள் கைக்குப் போனாள். அங்கிருந்து சந்தைக்கு, உண்டியலுக்கு.

1889-இல் மன்னர் மார்த்தாண்ட பைரவர் சிறுவர். நிர்வாகம் சேஷையா சாஸ்திரியிடம் இருந்தது. குளங்களைச் சீர்செய்து, தெருக்களை நேராக்கி, நகரையே புதுப்பித்தவர் அவர். பர்மிங்காமுக்கு ஆர்டர் போகிற நேரத்தில் தன் சாதனை ஒன்றைக் காசில் ஏற்றச் சொல்லியிருக்கலாம். ஏற்றவில்லை. (அந்த அளவுக் காசில் குளத்தை எங்கே வரைவது என்பது வேறு கேள்வி.) அப்படி ஏற்றிய அரசுகள் உண்டு: ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த நாசரின் எகிப்து, 1964-இல் அஸ்வான் அணைக்காக வெள்ளி நாணயங்களே வெளியிட்டது. தேர்தலில் வந்த இலங்கை அரசும் 1981-இல் மகாவலி அணைக்கு இரண்டு ரூபாய் நாணயம் போட்டது. ஆக, சாதனையைக் காசில் ஏற்றும் ஆசைக்குத் துப்பாக்கிதான் வேண்டுமென்றில்லை. சாஸ்திரியின் அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

பக்கத்து அறந்தாங்கி அன்று சமஸ்தானத்தில் இல்லை, தஞ்சாவூர் மாவட்டம். பிரிட்டிஷ் நாணயம்தான் அங்கே சட்டப்படி செல்லும், அம்மன் காசு அல்ல. காசில் ஏறாத சாதனை அங்கேயும் ஒன்று உண்டு: அந்த ஊருக்கு 1903-இலேயே ரயில் வந்துவிட்டது, தஞ்சை ஜில்லா போர்டு மக்களிடம் வரி வசூலித்துப் போட்ட பாதையில். சமஸ்தானத் தலைநகரம் ரயிலைப் பார்க்க 1929 வரை காத்திருந்தது. ஒரு ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதை போட்டதுதான் இந்தப் பக்கத்தின் பெரிய கட்டுமானச் சாதனை என்பேன். அதற்கு யாரும் காசு அடிக்கவில்லை; ஜில்லா போர்டுக்கு அந்த அதிகாரமும் இல்லை.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1957-இல் நயா பைசா வந்ததும் அணாக் கணக்கும் போயிற்று. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான் அறந்தாங்கி அதில் சேர்ந்தது. அதற்குள் அம்மன் காசுக்கு விலை சொல்பவர்கள் நாணயம் சேகரிப்பவர்கள் மட்டுமே.