பழைய துப்பாக்கியை எடை போடுவது எப்படி?

1855 இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அத்தோடு அரசே முடிந்தது என்று சொல்லிவிட்டது கும்பினி. அரண்மனை ஆயுதசாலையின் குவியல் சென்னைக்குப் போனது. அருங்காட்சியகத்துக்குக் கொஞ்சம் பொறுக்கி எடுத்தார்கள். மீதியில் பெரும்பகுதியை 1863 இல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் வரும் ஸ்கிராப் மதிப்பு என்பது இதுதான்!

ஆனால் ஒரு துப்பாக்கியின் தரம் இரும்பின் எடையிலா இருக்கிறது? குழாய் வெறும் குழாய்தான். உயிர் இருப்பது பக்கவாட்டில் உள்ள விசையில். நம் நாட்டுத் திரித் துப்பாக்கியில் இது ரொம்ப எளிது. விசையை அழுத்தினால் எரிகிற திரி மருந்துக் கிண்ணியில் இறங்கும், அவ்வளவுதான். பழுதானால் ஊர்க் கொல்லரே சரிசெய்துவிடலாம். ஆனால் ஐப்பசி அடைமழையில் திரி அணைந்தால் கதை முடிந்தது.

கும்பினிப் படையின் சக்கிமுக்கித் துப்பாக்கி வேறு ரகம். குதிரையின் வாயில் கல். அது எதிரே நிற்கும் தகட்டில் உரசிப் பொறி பறக்க வேண்டும். தகட்டின் முகம் நன்றாகக் கடினப்படுத்திய உருக்காக இருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் கல் கீறல்தான் போடும், பொறி வராது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் பொறி வராது. அதிக முரடாக இருந்தால் கல் உடையும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்திவிட்டு விசையை அழுத்தினால் அது விழவே கூடாது. விழுந்தால் வைத்திருப்பவருக்கே ஆபத்து. கிண்ணியின் மூடி இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இன்று இந்தியாவில் செய்து வெளிநாட்டுக்குப் போகும் மாதிரித் துப்பாக்கிகளுக்கும் இதே சோதனைதான். வெளியே பளபளப்பு இருக்கும், தகடு மட்டும் மென்மையாக இருந்து காலை வாரும்.

முத்திரையையும் பார்க்க வேண்டும். கும்பினியின் பழைய குறி, வி.இ.ஐ.சி. எழுத்துகள் கொண்ட இதய வடிவம். 1808 வாக்கில் அதன் இடத்தில் சிங்கம் வந்தது. ஆகவே 1790 என்று ஆண்டு பொறித்துப் பக்கத்தில் சிங்கமும் நின்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பொறுக்கி எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தஞ்சையிலேயே தங்கிவிட்டது கீழவாசல் பீரங்கி. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்துச் சேர்த்த, சுமார் 25 அடி நீளமுள்ள நாயக்கர் காலத்துப் பீரங்கி அது. அதில் குதிரையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. தீ வைக்க ஒரு துளை மட்டும்தான். 20 டன்னுக்கு மேல் எடை... அதை யார் தூக்கிப்போய் விற்பது!