மூன்றாங் கை: கல்முனைக் கரையில் இரகசியப் படைகள் பற்றிய பேச்சும் வரலாறும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிப் பொத்துவில் வரை செல்லும் கடற்கரைப் பெருவீதியில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருவதைப் பயணஞ் செய்தோர் யாவரும் கண்டிருப்பர். மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்பவற்றைக் கடந்தாற் காரைதீவு, அதன்பின் நிந்தவூர். மொழி ஒன்று, வயல்வெளி ஒன்று, தாய்வழியாக வரும் குடிமுறையும் இரு சாராருக்கும் பொது. இவ்வூர்களிடையே கடந்த நாற்பதாண்டுகளில் மூண்ட கலகங்களைப் பற்றி இருசாராரும் ஒத்துக் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. எம்மவரும் செய்யவில்லை, உம்மவரும் செய்யவில்லை, இரகசியப் படையொன்றின் மூன்றாங் கையே இதனைச் செய்தது என்பதே அவ்விளக்கம். அதில் உண்மை எவ்வளவு, வசதி எவ்வளவு என்பதை வரலாற்று மாணவர் பிரித்தறிதல் வேண்டும்.

இப்பேச்சு வெறுங்கற்பனையிற் பிறந்ததன்று. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இஸ்ரேலுடன் இருந்த உறவைத் துண்டித்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் ஆயுத உதவி தேடிய ஜயவர்தனாவின் அரசாங்கம், 1984இல் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தினுள்ளே இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவொன்றைத் திறக்க இடமளித்தது. இஸ்ரேலியப் பயிற்சியாளர் வந்தனர். பலஸ்தீன மக்கள்பாற் பரிவு கொண்ட கிழக்கிலங்கை முஸ்லிம்கள் இதனை வன்மையாக எதிர்த்தனர். 'மொசாட்' என்னும் சொல் கல்முனைச் சந்தையிலும் தேநீர்க் கடைகளிலும் அன்றே குடிபுகுந்தது எனலாம்.

அடுத்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, 1985 ஏப்ரல் நடுப்பகுதியிற் காரைதீவு தாக்கப்பட்டது. விபுலாநந்த அடிகள் 1892இற் பிறந்த ஊர் அது. வீடுகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். தாக்கியோர் அயலூர் முஸ்லிம்கள் என்பதும், பாதுகாப்புப் படையினர் அவர்களுக்குத் துணைநின்றனர் என்பதும் பாதிக்கப்பட்டோர் கூற்று. முஸ்லிம்களோ, ஆயுதமேந்திய தமிழ் இளைஞரின் பணப்பறிப்பையும் மிரட்டலையும் முதற்காரணமாகக் காட்டினர். சில வாரங்களில் இவ்விரு கூற்றுகளும் பின்தள்ளப்பட்டன. இது மொசாட்டின் சதி என்று தமிழரும் கூறினர், முஸ்லிம்களும் கூறினர். அயலவர் மீண்டும் ஒரே சந்தையிற் பொருள் வாங்கவும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சவும் அவ்விளக்கம் உதவிற்று என்பதை மறுக்கலாகாது. ஆனால் எரித்தவன் யார், பறித்தவன் யார் என்ற வினாக்களையும் அதுவே புதைத்துவிட்டது.

பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்கள் ஈண்டு வியத்தகு திருத்தமொன்றைச் செய்கின்றன. 1984 முதல் விசேட அதிரடிப்படைக்குக் களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையிற் பயிற்சி அளித்தவர், பிரித்தானிய விசேடப் படையிலிருந்து ஓய்வுபெற்றோர் நடத்திய கே.எம்.எஸ். என்னும் தனியார் நிறுவனத்தினர். கிழக்கு மாகாண வீதிகளில் மக்கள் அன்றாடம் எதிர்கொண்ட படை இதுவே. பிரித்தானிய அரசாங்கம் இந்நிறுவனத்தின் செயல்களை அறிந்திருந்தமை அந்நாட்டுக் கோப்புகளிலிருந்து தெரியவருகின்றது. அவற்றை ஆராய்ந்து பில் மில்லர் என்னும் ஆய்வாளர் 2020இல் நூலொன்று வெளியிட்டார். எனவே, அந்நியக் கை ஒன்றுண்டு என ஊரார் ஐயுற்றது சரியே. அக்கைக்கு அவர்கள் இட்ட பெயரே பெரும்பாலும் தவறு. இஸ்ரேலியர் வந்தது மறைக்க இயலாத செய்தியாயிற்று. ஆங்கிலேயர் வந்ததோ ஓசையின்றி நிகழ்ந்தது. வதந்தி எப்போதும் அதிக ஓசை எழுந்த திசையையே நோக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வூர்களுக்குப் பெருங்கேடு விளைத்தவை இரகசியமாக நடந்தவையல்ல. முஸ்லிம் இளைஞருக்கு அரசு துவக்குக் கொடுத்து ஊர்காவற் படையிற் சேர்த்தது வெளிப்படையாகவே நடந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றவர் விடுதலைப் புலிகள். அதே மாதம் 12ஆம் நாள் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிற் கோயிலிற் புகலடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஊர்காவற் படையினர் மீது அக்குற்றம் சாற்றப்பட்டது. இரண்டிலும் தப்பியவர் கொன்றோரின் முகங்களைக் கண்டனர். இவற்றுக்கும் மொசாட்டைக் கூறுவோர் உளர். இதனை நாம் ஏற்றற்கில்லை.

இரகசியப் படைகளே இல்லை என்பது இதன் பொருளன்று. 2002 ஜனவரி 2ஆம் நாள் அத்துருகிரியாவில் வீடொன்றைப் பொலிசார் முற்றுகையிட்டபோது, அது இராணுவப் புலனாய்வுப் பிரிவினரின் மறைவிடம் என்பது வெளிப்பட்டது. புலிகளின் பகுதிக்குள் ஊடுருவித் தாக்கிய அணியொன்று உண்மையிலேயே இயங்கி வந்தது. புதிய பிரதமரைக் கொல்லவே அவர்கள் அங்குத் தங்கினர் என்ற ஐயமோ மெய்ப்பிக்கப்படவில்லை. பெயர் வெளியானமையால் அவர்களுட் பலர் பின்னர்க் கொலையுண்டனர்.

2011 ஆகஸ்டில், நோன்பு மாதத்து இரவுகளில், 'கிறீஸ் மனிதன்' என்ற அச்சம் கிழக்கெங்கும் பரவியது. உடலிற் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் பெண்களைத் தாக்குகின்றனர், துரத்தினால் இராணுவ முகாமுக்குள் ஓடி மறைகின்றனர் என்பது பேச்சு. அவசரகாலச் சட்டத்தை நீடிப்பதற்காகப் படையினரே இவர்களை ஏவினர் என்று படித்தவரும் நம்பினர். அச்சட்டம் அம்மாத இறுதியிலேயே முடிவுக்கு வந்தது என்பதைப் பின்னர் எவரும் நினைவுகூரவில்லை. ஆடவர் தடியேந்தி ஊர் காத்தனர். பொத்துவிலிற் பொலிசார் சுட்டதில் ஒருவர் இறந்தார். கிண்ணியாவிற் கடற்படை முகாமை மக்கள் சூழ்ந்தனர். புத்தளத்திற் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். ஆப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் இருவரைக் கூட்டத்தினர் அடித்தே கொன்றனர். முகமூடியிட்ட 'தலையாட்டி' முன்னே ஊர் இளைஞரை நிரையாக நிறுத்தியதையும், இலக்கத் தகடற்ற வெள்ளை வானையும் கண்ட தலைமுறை இருட்டில் ஓடியவனைப் படையினன் என எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் ஆப்புத்தளையில் மாண்ட இருவருக்கு இவ்விளக்கம் யாது பயன்?

அரசின் சொல்லே சில வேளை வதந்தியினுங் கீழானதாகி விடுகின்றது. 2018 நவம்பர் 30ஆம் நாள் மட்டக்களப்பு வவுணதீவிற் காவலிலிருந்த பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். முன்னாட் புலிப் போராளியொருவர் மறியலில் வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்புகளின் பின்னரே, அக்கொலையைச் செய்தவர் சகரானின் குழுவினர் எனத் தெரிந்து அவர் விடுவிக்கப்பட்டார். அதே ஏப்ரல் 26ஆம் நாள் சாய்ந்தமருதில் அக்குழுவினர் தங்கியிருந்த வீடு வெடித்துச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அவர்களுள் ஒரு பெண் தப்பி இந்தியாவுக்குச் சென்றாள், புலனாய்வாளரே அவளை அனுப்பினர் என்ற பேச்சு நான்காண்டு உலவிற்று. மரபணுச் சோதனை முதலிரு முறை பொருந்தவில்லை; அவள் அவ்வீட்டிலேயே இறந்தாள் என மூன்றாஞ் சோதனை காட்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பேச்சு அடங்கவில்லை. வவுணதீவில் ஒருமுறை பொய்த்த வாக்கைச் சாய்ந்தமருதில் மக்கள் ஐயுறுவது இயல்பே.

ஆவணங்கள் வெளிவரும்வரை இவ்வையங்கள் தீரா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசியப் பாதுகாப்புக்குப் பங்கமாகுந் தகவல்களுக்கு விலக்களிக்கின்றது. பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சோ, 1978 முதல் 1980 வரையான காலத்து இலங்கைக் கோப்புகளுள் ஏறத்தாழ 200ஐ அழித்துவிட்டது. எஞ்சியிருப்பது கண்டோர் வாய்மொழி. அதனைக் காரைதீவிலும் மாளிகைக்காட்டிலும் ஒருங்கே, ஒரே வினாக்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நம் மாணவரால் இயல்வதே. 1985இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.