மாமாவின் கையெழுத்து

ரீஜென்ஸி காலத்து ஆங்கிலக் கடிதம் ஒன்றைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? தாள் முழுக்க எழுதிவிட்டு, அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதியிருப்பார்கள். பார்க்கப் பாய் முடைந்த மாதிரி இருக்கும்.

எல்லாம் காசுக் கணக்குதான். அன்றைக்குத் தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் கொடுத்தார். 1812 கட்டணப்படி, ஒரு தாள் 15 மைல் போக 4 பென்ஸ், 300 மைல் போக 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால், கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள்.

பிரபுக்கள் சபை, மக்கள் சபை உறுப்பினர்களுக்கு மட்டும் இலவசம். உறையில் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு ‘ஃபிராங்க்’ என்று பெயர். காசு உள்ளவனுக்குத்தானே எப்போதும் இலவசம்! சொந்தக்காரர்கள், விருந்தாளிகள், தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கினார்கள். 1795இல் ஒரு நாளைக்கு அனுப்ப 10, பெற 15 என்று வரம்பு வைக்க வேண்டிவந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் (1814) அண்ணனுக்குக் கடிதம் எழுதத் தவிக்கும் சிறுமி ஃபேனிக்கு எட்மண்ட் சொல்லும் ஆறுதலே இதுதான்: அப்பா ஃபிராங்க் போடுவார், உன் அண்ணனுக்குச் செலவில்லை.

ஆனால் அந்தச் சலுகைக்கு உள்ளே ஒரு கொக்கி இருந்தது. மோசடியைத் தடுக்க 1784இலேயே ஒரு விதி வந்திருந்தது: கையெழுத்து மட்டும் போதாது, முழு முகவரியையும் தேதியையும் உறுப்பினரே தன் கைப்பட எழுத வேண்டும். யோசித்துப் பாருங்கள். மாளிகையில் இருக்கும் கல்யாணமாகாத பெண் ஒருத்தி. அவளுடைய கடிதம் இலவசமாகப் போக வேண்டுமானால், அது யாருக்கு என்று மாமாவிடம் சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பதை அரக்கு மூடிவிடும். பெயரை எப்படி மூடுவது? பிரபு வீட்டுப் பெண்ணுக்குத் தபால் இலவசம், ரகசியம்தான் கட்டுப்படியாகாது. லண்டனுக்குள் என்றால் நம்பிக்கையான வேலையாள் கையில் கொடுத்தனுப்பலாம். தூரத்து ஊருக்கு அது நடக்காது.

1840 ஜனவரியில் பென்னி தபால் வந்தது, ஃபிராங்க் ஒழிந்தது. விக்டோரியா ராணியே தன் சலுகையை விட்டுக்கொடுத்தார். அந்த மே மாதம் கறுப்பு ஸ்டாம்பும் வந்துவிட்டது. இனி எந்தப் பெண்ணும் ஒரு பென்னி ஸ்டாம்பை ஒட்டி, முகவரியைத் தானே எழுதி அனுப்பலாம், மாமா படிப்பறையில் இருக்கிறாரா என்று பார்க்காமலே.