கோசல மன்னனின் கடைசிக் கவளம்

பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு ஒரு சாப்பாட்டு முறை உண்டு. இடது கையில் ஒப்புநோக்க வேண்டிய பக்கம், வலது கை சோற்றுப் பார்சலில். பக்கம் முடியும்போது சோறும் முடிந்திருக்கும். என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் உண்டேன். சலரோகம் என்று வைத்தியர் கூறிய நாளில், கவனித்து உண்ணும்படி அறிவுறுத்தும் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் தந்தார். மேல்நாட்டில் கண்டறியப்பட்ட புதிய முறை என்பதுபோல அது எழுதப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த காலத்தில் வாசித்த பழைய கதையொன்று அப்போது நினைவுக்கு வந்தது.

பாளி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில் கோசல நாட்டு மன்னன் பசேனதி பற்றிய பகுதியொன்று உண்டு. புத்தரின் சமகாலத்தவனான அவன் பெருந்தீனிக்காரன். ஒரு நாள் வயிறு முட்ட உண்டுவிட்டு, மூச்சுவாங்கியபடி புத்தரைக் காணச் செல்கிறான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நோன்பு இருக்கச் சொல்லவுமில்லை. விழிப்புடனிருந்து உணவில் அளவறிபவனுக்கு உபாதைகள் குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்ற கருத்துடைய செய்யுள் ஒன்றைக் கூறுகிறார். மன்னனின் பின்னால் சுதஸ்ஸனன் என்ற இளைஞன் நின்றிருந்தான். அதை மனனஞ் செய்து, தான் உண்ணும் வேளைகளில் ஓதும்படி மன்னன் அவனைப் பணிக்கிறான். அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம் ஊதியம். (இக்காலத்து உணவு ஆலோசகர்கள் பொறாமைப்படக்கூடிய தொகை!)

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய உரை இன்னுமொரு நுட்பத்தைச் சொல்கிறது. செய்யுளைத் தொடக்கத்தில் ஓதக் கூடாது; மன்னன் கடைசிக் கவளத்தை எடுக்கும்போதே ஓத வேண்டும். அதைக் கேட்டதும் அவன் அந்தக் கவளத்தைக் கீழே போடுவான். அடுத்த முறை அந்தளவு அரிசியைக் குறைத்துச் சமைக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு கவளமாகக் குறைந்து, ஈற்றில் ஒரு நாழி அரிசிச் சோற்றுடன் மன்னன் நிறைவடைந்தான். பாளியில் அந்த அளவின் பெயர் 'நாளி'. நம் பாட்டிமார் அளந்த நாழியும் அதே சொல்தான். உடல் மெலிந்த மன்னன் தன் அங்கங்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தானாம்.

அந்த விழிப்புக்குப் பாளியில் 'சதி' என்று பெயர். தமிழில் எழுதினால் பொருள் விபரீதமாகிவிடும். வடமொழியில் 'ஸ்மிருதி', அதாவது நினைவு. இதை ஆங்கிலத்தில் 'மைண்ட்புல்னஸ்' என்று 1881இல் வெளியான தமது மொழிபெயர்ப்பில் வழங்கியவர் ரைஸ் டேவிட்ஸ். இலங்கைச் சிவில் சேவையில் கடமையாற்றி, இங்கேயே பாளி கற்றவர் அவர். 1936இல் ஐரோப்பாவிலிருந்து வந்து பிக்குவான ஞானபோனிக தேரர் இந்த விழிப்பு பற்றி எழுதிய ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளியாகி, பின்னர் மேல்நாட்டில் பரவலாக வாசிக்கப்பட்டது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 1979இல் நோயாளிகளுக்கான பயிற்சியைத் தொடங்கிய ஜோன் கபாட்-சின், ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணக் கற்பித்தார். என் கைக்கு வந்த துண்டுப்பிரசுரத்திலும் அந்த உலர்திராட்சை இருந்தது. இங்கிருந்து புறப்பட்டுப்போன சொல்லொன்று இவ்வளவு தூரம் சுற்றித்தான் என்னிடம் வந்திருக்கிறது.

பசேனதியின் முடிவு சோகமானது. மகன் விடூடபன் அரியணையைக் கவர்ந்துகொள்ள, உதவி தேடி ராஜகிருகம் சென்ற முதிய மன்னன் இரவில் மூடப்பட்ட நகர வாயிலுக்கு வெளியே, மண்டபமொன்றில் களைத்து உயிர்விட்டான். அளவறிந்து உண்டது அவனை அதிலிருந்து காப்பாற்றவில்லை.

எனக்குச் சுதஸ்ஸனன் எவனும் இல்லை. மனைவியை அப்பதவிக்கு அழைத்தேன். நூறு கஹாபணத்துக்கு இன்றைய பெறுமதி என்ன என்று கேட்டார். இப்போது சாப்பிடும்போது பக்கத்தை மேசையில் கவிழ்த்து வைக்கிறேன். நேற்று மத்தியானம் பருப்பில் உப்புக் கூட என்பதை முதல் வாயிலேயே கண்டுபிடித்தேன்.